தர்மபுரிப் பக்கம் இசைக் களப்பணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பம்பை என்ற இரட்டை மேளத்தின் சத்தம் புதிதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை கேட்டதுதான். ஆனால் அந்தப் பம்பைக்காரர் யாரிடம் கற்றார், எந்தச் சாமிக்கு எந்த அடி அடிக்கிறார், என்ன கூலி வாங்குகிறார், பண்டிகை அன்று எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. இந்தக் கேள்விகளோடு ஓர் ஊருக்குப் போய், தங்கி, கேட்டு, எழுதி வருவதைத்தான் களப்பணி என்கிறோம். ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் உரிய வேலை இல்லை இது. தன் ஊர்த் தெருக்கூத்தைப் பற்றி ஒழுங்காக ஒரு பதிவு செய்ய நினைக்கும் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பிள்ளையும் தாராளமாகச் செய்யலாம்.

இசையை அது புழங்கும் மக்களோடு சேர்த்துப் படிக்கும் துறைக்கு இனஇசையியல் என்று பெயர். டச்சுக்காரரான யாப் குன்ஸ்ட் 1950-இல் இந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். அதற்கு அறுபது வருடம் முன்பே, 1890-இல், அமெரிக்காவில் ஜெசி ஃபியூக்ஸ் என்பவர் பழங்குடி மக்களின் பாடல்களை மெழுகு உருளையில் பதிவு செய்துவிட்டார். பதிவுக் கருவி முதலில் வந்தது. பாடுகிறவரிடம் உட்கார்ந்து பேசும் பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருப்பதால் நாமும் அதே வரிசையில் போய்விடுகிறோம். அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு தடவை ஊருக்குப் போகும்போது எதையும் பதிவு செய்யாதீர்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"தர்மபுரி மாவட்ட நாட்டுப்புற இசை" என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி இல்லை. அதை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பத்து ஊரில் பத்துப் பாட்டு கிடைக்கும், ஒன்றும் விளங்காது. ஒரு குழு, ஓர் ஊர், ஒரு பண்டிகை, ஒரு கருவி என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில கேள்விகளை மாதிரிக்குச் சொல்கிறேன்.

ஒரு பம்பைக் குழு மாசியிலிருந்து ஆடி வரை எத்தனை ஊருக்குப் போகிறது? ஊருக்கு ஊர் வாசிப்பு மாறுகிறதா? கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் சினிமா மெட்டை எங்கே நுழைக்கிறார், குழுவை நடத்தும் கூத்து வாத்தியார் எதை அனுமதிக்கிறார், எதற்கு முறைக்கிறார்? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பையன்கள் பண்டிகைக்கு வரும்போது மேளத்தில் யார் கை மாறுகிறது? தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். கல்யாணப் பாட்டு எந்த மொழியில், ஏன்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒருவர் மூன்று வருடம் செலவழிக்கலாம். தொடங்கும் போது சின்னதாக இருக்கட்டும். களத்தில் உட்கார்ந்த பிறகு கேள்வி தானாகத் திரும்பும், அப்போது திருப்பிக்கொள்ளலாம்.

2. போவதற்கு முன்

பழைய ஆவணங்களில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி வரை தர்மபுரி, சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய குறிப்புகள் எல்லாம் "சேலம்" என்ற பேரில் கிடக்கும். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதி, பழங்குடிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அதில் மக்களை வகை பிரித்த கண் வெள்ளைக்கார அரசாங்கத்தின் கண். அதில் இருப்பதை ஊரில் போய் "நீங்கள் இப்படியாமே" என்று கேட்டுவிடாதீர்கள்.

தர்மபுரியில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கும் அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். இந்த மண்ணில் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது எவ்வளவு பழைய வழக்கம் என்று கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் சாவு மேளத்தைக் கேட்கும் காதே வேறாகிவிடும்.

3. எந்த மாதம், எந்த ஊர்

நமக்கு லீவு கிடைக்கும் போது இசை நடக்காது. பண்டிகை நடக்கும் போது நாம் லீவு போட வேண்டும்.

தை மாதம் பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் தொடங்கும். மாசியில் மகா சிவராத்திரிக்கு அடுத்துக் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை. அங்காளம்மனுக்குப் பம்பை எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதையை நடத்தும் விழா, நடக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து; அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், தீமிதி என்று போகும். எல்லா ஊரிலும் வருடா வருடம் பாரதம் வைப்பதில்லை. பணம், மழை, ஊர் ஒற்றுமை மூன்றும் கூடி வர வேண்டும். ஆகவே எந்த ஊரில் இந்த வருடம் பாரதம் என்று தை மாதமே விசாரிக்கத் தொடங்குங்கள். கூத்து வாத்தியாரைக் கேட்டால் போதும். ஊர்க்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் கூத்துக்கு அழைக்கும் தாம்பூலம் அவரிடம்தான் வரும்.

ஆடி 18-க்கு ஒகேனக்கல் போனால் மேளதாளத்தோடு சாமியைக் காவிரிக்குக் கொண்டுவரும் கூட்டங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கே ஆழமாக எதையும் படிக்க முடியாது, நெரிசல். ஆனால் பல ஊர் மேளக்காரர்களிடம் அறிமுகம் செய்துகொள்ளலாம்.

மலைவாழ் மக்களிடம் போக நினைப்பவர்களுக்கு, அரூர்ப் பக்கம் சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினரும், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டி இருளர்களும் இருக்கிறார்கள். காப்புக்காடு வரும் இடங்களில் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதல் களப்பணிக்கே மலைக்குப் போகாதீர்கள் என்பது என் யோசனை. பேச்சு பழகிய இடத்தில் தொடங்கினால், தெரியாததைத் தெரியாது என்று உணரவாவது முடியும்.

4. ஊருக்குள் நுழைவது

நம் பக்கத்து ஊர்களில் ஊர்க் கவுண்டர், மந்திரி கவுண்டர், கோல்காரர் என்று ஊர்ப் பொறுப்பாளர்கள் வரிசை ஒன்று உண்டு. பண்டிகை சம்பந்தமாக எது கேட்டாலும் அவர்கள் காதுக்குப் போகாமல் நடக்காது. அவர்களைப் பார்த்து, யார், எதற்கு வந்தோம் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு வருவது மரியாதை. பயன்படுத்தும் வார்த்தைகளும் எளிமையாக இருக்கட்டும். "ஆய்வு மேற்கொள்ள வந்துள்ளேன்" என்றால் தாலுகா ஆபீஸ் ஆள் என்று நினைப்பார்கள். "உங்க ஊர்ப் பாரதத்தைப் பத்தி எழுதலாம்னு வந்திருக்கேங்க" என்றால் போதும்.

ஆனால் இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில், பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தப்பு (பறை) அடிக்கும் அண்ணன் இருவரைப் பேட்டி எடுத்தேன். பெரியவரே ஆள் அனுப்பி வரவழைத்தார். இருவரும் வாசலிலேயே நின்றார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "ஊர்ல நல்லாப் பாத்துக்கிறாங்க" என்ற பதில்தான். எனக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அந்தப் பெரியவர் நினைத்தார், நானும் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அந்த அண்ணன்களின் தெருவுக்கே தனியாகப் போய், அவர்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்து உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது. தன் மகன் இனிச் சாவுக்கு அடிக்க மாட்டான் என்று ஒருவர் சொன்னார். பண்டிகைக்கு மட்டும் வருவானாம், அதுவும் கூலி பேசிவிட்டுத்தான். திண்ணையில் நான் எழுதியிருந்த நாலு பக்கத்தையும் அடித்தேன்.

சாதியைத் தொடாமல் இங்கே இசையைப் படிக்க முடியாது. தோலைத் தொடுகிறவர் யார், எந்தக் கோயில் வாசலில் எது வரைக்கும் மேளம் போகலாம், முதல் மரியாதை யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு என்பதெல்லாம் இசை பற்றிய தகவல்தான். அதனால் இரண்டு வாசலிலும் ஏறுங்கள். மேளக்காரர்களை அவர்கள் இடத்தில் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களை அவர்கள் இடத்தில் பாருங்கள். ஒரு தரப்புச் சொன்னதை இன்னொரு தரப்பிடம் கொண்டு போகாதீர்கள். நோட்டில் எழுதியதைக்கூட யார் கண்ணிலும் படும்படி வைக்காதீர்கள்.

5. அனுமதி

காகிதத்தில் கையெழுத்து வாங்குவது பல்கலைக்கழகத்துக்குச் சரி. கிராமத்தில் கையெழுத்து என்றாலே கடன், நிலம், கேஸ். வாய்ச்சொல்லாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையே பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். நான்கு விஷயத்தைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: பதிவு செய்யலாமா, பேர் போடலாமா, படிப்புக்கு மட்டுமா அல்லது யூடியூபிலும் போடலாமா, பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் எப்படிச் சொல்வார். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்குச் சரி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டமும் இதில் பாடுகிறவர் பக்கம்தான். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமையைக் கொடுத்தது. இப்போது அது 50 வருடம் வரை செல்லும். பாட்டு பரம்பரையாக வந்ததாகவே இருக்கட்டும், அன்று ராத்திரி அவர் பாடிய அந்தப் பாட்டில் அவருக்கு உரிமை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பம்பைக்காரர் தன் வாசிப்பைப் பேரன் போனில்தான் முதல்முதலாகப் பார்த்தார். யாரோ எடுத்து, யாரோ போட்டு, லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவர் பேர் எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு போனைத் தூக்குகிற யாரைப் பார்த்தாலும் பம்பையை நிறுத்திவிடுகிறார். உங்களுக்கு முன்னால் வந்துபோனவர் செய்த காரியத்துக்கும் சேர்த்து நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாமி வந்து ஆடுபவரை முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவரிடம் அனுமதி கேட்க முடியாது. விடிந்த பிறகு அவர் என்ன நினைப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு அடுத்த வருடம் எடுக்கலாம்.

6. பதிவுக் கருவி

கையடக்க ரெக்கார்டர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனை விமானப் பயன்முறையில் போட்டுப் பயன்படுத்தலாம். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும், அதற்காகச் சொல்கிறேன். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே எடுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். எட்டு மணி நேரக் கூத்துக்கு எட்டு ஜிபி சொச்சம். 32 ஜிபி அட்டை இரண்டு வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

அளவு முள் சாதாரணமாக மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடினால் சரி. பம்பையும் தப்பும் திடீரென்று ஏறும், அந்த இடைவெளி வேண்டும். மேளம் உச்சத்தில் இருக்கும்போது சோதித்துப் பார்த்து வையுங்கள், மெதுவாக வாசிக்கும்போது வைத்தால் பிறகு சத்தம் உடைந்துபோகும். கூத்து மேடையில் குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை வைக்காதீர்கள். வாத்தியக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில், அவர்களைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். காற்றுக்கு மைக்கில் பஞ்சுறை கட்டாயம். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தேதி, ஊர், நிகழ்ச்சி, குழு இவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கோப்பின் பேர் மாறிப் போனாலும் இது நிற்கும்.

7. கூத்து இரவு

சாயந்திரமே போய்விடுங்கள். கூத்து பத்து மணிக்குத் தொடங்கினாலும், பார்க்க வேண்டியதில் பாதி ஒப்பனைக் கொட்டகையில் நடக்கும். அரிதாரம் பூச இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவர் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தானே பூசிக்கொள்வார். புருவம் வரையும்போது மட்டும் பேச்சை நிறுத்துவார். பக்கத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் துணி மூட்டையிலிருந்து வெளியே வரும். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடது பக்கத்தில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் சுரண்டி எடுத்து, மறுபடி தட்டுவார். முகவீணை என்ற சின்ன ஊதுகருவியை வாசிக்கும் முகவீணைக்காரர் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டிப் பதில் சொல்வார். இந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் யாருக்கு எதை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். குருசிஷ்ய முறை என்று நாம் எழுதுவது அங்கே ஒரு டீ தம்ளர் கை மாறும் விதத்தில் தெரியும்.

அப்புறம் களரி கட்டுவார்கள். வேஷம் வருவதற்கு முன் வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து முழங்கும் நேரம் அது. ஊரில் தூங்கப் போனவர்களையும் எழுப்பிக் கூட்டிவரும் சத்தம். கடவுள் வாழ்த்து முடிந்து, வேஷங்களை அறிமுகம் செய்து சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் வருவார். பெரிய வேஷங்கள் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, பாதி மறைந்து பாதி தெரிந்து, கடைசியில்தான் முழுசாக வெளிப்படுவார்கள். ஒவ்வொரு வேஷம் வரும்போதும் மணியைக் குறியுங்கள். யார் வேஷம் நீளுகிறது, யாருடையது சுருங்குகிறது, நடுவில் யார் பணம் கொடுத்து எந்தப் பேரைச் சொல்லச் சொல்கிறார்கள், அதற்காகப் பாட்டு எங்கே நிற்கிறது என்றெல்லாம் எழுதுங்கள்.

கூட்டத்தையும் பாருங்கள். காரிமங்கலம் பக்கம் ஒரு கூத்தில் ராத்திரி மூன்று மணிக்குப் பாதிப் பேர் கோணிப்பை மேலேயே தூங்கிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, திரௌபதை வேஷக்காரர் பாடுவதற்கு ஒரு கணம் முன்பே அந்த அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் வேஷக்காரர் ஓர் அடியைத் தாண்டிப் போனார். பாட்டி நாக்கைச் சப்புக் கொட்டினார். மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் அண்ணன் அந்தக் காலத்தில் அதே வேஷம் கட்டியவராம். வீட்டில் அவர் பாடம் செய்யும்போது அடுப்படியில் இருந்தே கேட்டு மனப்பாடம் ஆனது. பெண்கள் அதிகம் மேடை ஏறாத ஒரு கலை அடுப்படியில் எவ்வளவு தூரம் வாழ்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரெக்கார்டரில் அந்த முணுமுணுப்பு விழவே இல்லை. நோட்டில் இருக்கிறது.

விடியும் வரை இருங்கள். ஒரு மணிக்கே மைக்கை மட்டும் வைத்துவிட்டுத் தூங்கப் போனவர்களைக் குழுவில் யாரும் மறப்பதில்லை. மாசி, பங்குனியில் பனி இறங்கும், போர்வை எடுத்துப் போங்கள்.

8. நோட்டு

களத்தில் ஒரு சின்ன நோட்டு, அறையில் ஒரு பெரிய நோட்டு. சின்னதில் சொல், மணி, பேர், ஒரு கோட்டுப் படம், அவ்வளவுதான். பெரியதை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் நினைவு தானாகக் கதை கட்டும். இடது பக்கம் கண்டதும் கேட்டதும், வலது பக்கம் நான் நினைத்தது. இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. கோபம், சலிப்பு, பயம் எல்லாவற்றையும் வலது பக்கம் எழுதுங்கள். எந்த வீட்டில் சங்கடமாக உட்கார்ந்திருந்தோம் என்பதும் பின்னால் பயன்படும்.

9. கேட்பதும் போட்டுக் காட்டுவதும்

"இது என்ன ராகம்?" என்று தொடங்காதீர்கள். அவர் வேறு பேர் வைத்திருப்பார், அல்லது பேரே வைத்திருக்க மாட்டார், உங்கள் கேள்வியைக் கேட்டதும் தனக்குத் தெரியாது என்று கூச்சப்படுவார். "இதை முதல்ல எங்க கேட்டீங்க?", "யார் உங்களை அடிச்சாங்க, எதுக்கு?", "இந்த அடியை வேற ஊர்ல எப்படி அடிப்பாங்க?" என்று கேளுங்கள். தப்பு அடிப்பவரிடம் இரண்டு குச்சியின் பேரையும், எந்த மரம், எந்தத் தோல், காய்ச்ச எவ்வளவு வைக்கோல் வேண்டும் என்பதையும் கேளுங்கள். கருவியைப் பற்றிக் கேட்டால் எல்லாருமே மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். பம்பைக்காரர் இரட்டைப் பம்பையில் மரம் எது, வெண்கலம் எது, எதன் சத்தம் எதற்கு என்று தட்டியே காட்டிவிடுவார்.

சில பாட்டுகளை எந்த நேரத்திலும் பாட முடியாது. பென்னாகரம் பக்கம் ஓர் அம்மாவிடம் ஒப்பாரி பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். விறகை முறித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "ஊட்டுக்குள்ள அதைப் பாடக் கூடாது கண்ணு, புள்ளைங்க இருக்கிற ஊடு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது, வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும் அவராகவே எழுந்து, வா என்று கூட்டிக்கொண்டு, ஊரைத் தாண்டிப் புளியமரத்தடிக்குப் போனார். அங்கே உட்கார்ந்து, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தன் அம்மாவுக்குப் பாடினதைப் பாடினார். நடுவில் நிறுத்தி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை ஊட்ல வச்சுக் கேக்காத" என்று எனக்கும் சொல்லி அனுப்பினார். அந்தக் கோப்பை இன்று வரை என் வீட்டில் வைத்துக் கேட்டதில்லை. ஒப்பாரிக்கு எது இடம், எது நேரம், யார் காது என்று அந்த ஒரு மத்தியானம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது, நான் மிகவும் நம்பும் முறை. பதிவு செய்ததை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். நல்ல ஸ்பீக்கராகக் கொண்டு போங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே "நிறுத்து" என்கிறார்கள், எங்கே விரல் தானாகத் தொடையில் தட்டுகிறது என்று பாருங்கள். நான் பிரமாதம் என்று நினைத்த ஓர் இடத்தில் வாத்தியார் முகம் சுருங்கியது. தாளம் அரை மாத்திரை ஓடிவிட்டதாம். எனக்குக் கரகரப்பாகப் பட்ட இன்னொரு இடத்தில், "இங்க பாரு, குரல் உடைஞ்சும் சுதி உடையல" என்று பூரித்தார். அவர்களிடம் எது அழகு, எது பிழை என்பது நேரடிக் கேள்வியில் வராது, இப்படித்தான் வரும்.

10. கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள்

தன் இசை, படிக்கப் போகும் இசை என்று இரண்டிலும் கை பழகியவராக ஆய்வாளர் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இனஇசையியலாளர் மேன்டில் ஹூட் 1960-லேயே வலியுறுத்தினார். நம் விஷயத்தில் இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. ஜால்ராவைக் கையில் கொடுத்து ஒரு பாட்டு முழுக்கத் தாளம் பிடிக்கச் சொன்னால், கால் மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிக்கொடுப்பது ஒரு புத்தகத்திலும் இல்லை. நீங்கள் தப்பாகப் போடும்போது அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தும் வார்த்தைகளை எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் அவர்களுடைய இசை இலக்கணம். கற்றுக்கொண்டதை வைத்து மேடையில் ஏற மட்டும் ஆசைப்படாதீர்கள்.

11. எழுத்தில் கொண்டுவருவது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். பாட்டென்றால் இன்னும் கூடும். உச்சரித்தபடியே எழுதுங்கள். "ஊடு" என்றால் "ஊடு"தான், அதை "வீடு" ஆக்காதீர்கள். நெதர்லாந்தில் நைமேகன் ஊரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் எலான் என்ற மென்பொருள் இலவசம். ஒலிக்குக் கீழே தமிழில் வரிவரியாக, நேரக் குறிப்போடு எழுதலாம். ஓசூர், தளிப் பக்கத்துப் பாட்டுகளில் கன்னடச் சொல்லோ தெலுங்குச் சொல்லோ வந்தால் ஊகித்து எழுதாமல், அதே ஊர்க்காரரிடம் கேளுங்கள். அவரும் அர்த்தம் தெரியாமல் பாடலாம். அதையும் அப்படியே குறித்துவையுங்கள்.

12. பணம்

வாசிக்கச் சொல்லிக் கேட்டால் கூலி கொடுக்க வேண்டும். பண்டிகைக்கு என்ன கூலியோ அதை விசாரித்து, அந்தக் கணக்கில் கொடுங்கள். பேட்டிக்கும் அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் அந்த நாள் கூலி அவருடையது. அள்ளிக் கொடுத்தால் அடுத்து வரும் மாணவர் திண்டாடுவார், குழுவுக்குள்ளும் சண்டை வரும். கொடுப்பதைத் தலைவரிடம், எல்லார் எதிரிலும் கொடுங்கள். பெண்களிடம் பாட்டுக் கேட்டால் பணத்தை வீட்டு ஆண்கள் கையில் கொடுக்காதீர்கள்.

13. பத்திரப்படுத்துவதும் திருப்பிக் கொடுப்பதும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறோர் ஊரில். ஊரிலிருந்து வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. அட்டையை அழிப்பது அதற்குப் பிறகுதான். நீண்ட காலத்துக்கு வைக்க நினைப்பவர்கள், 1982-இல் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனஇசையியல் ஆவணக்காப்பகத்தை அணுகலாம். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று நிபந்தனை எழுதி ஒப்படைக்க வேண்டும். என் புளியமரத்தடிக் கோப்பு போன்றவற்றுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆவணக்காப்பகத்துக்குப் போகும் முன் ஊருக்குப் போக வேண்டும். ஒருநாள் போனாலும், பலநாள் பலரோடு போனாலும், முதல்நாள் போலவே விருப்பத்தோடு வரவேற்பவன் என்று தகடூர் அதியமானை அவ்வை பாடினாள். அதே தகடூர்தான் இந்த தர்மபுரி. இங்கே இன்றும் மேளக்காரர் வீட்டில் அந்த வரவேற்பு கிடைக்கிறது. ஆனால் நாம்தான் பெரும்பாலும் இரண்டாம் நாளே போவதில்லை.

பென் டிரைவில் கொடுத்தால் பல வீடுகளில் போட்டுப் பார்க்கக் கருவி இருக்காது. அவர்கள் போனிலேயே ஏற்றிக் கொடுங்கள், நாலு நிமிடத் துண்டுகளாக வெட்டி, கோப்பின் பேரைத் தமிழில் எழுதி: யார், எந்த வேஷம், எந்த ஊர், எந்த வருடம். குழுவில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தனித்தனியாக. கூடவே ஒரு போட்டோ பிரிண்ட், சட்டம் போட்டு மாட்டுகிற அளவில். முகவீணைக்காரரை மறந்துவிடாதீர்கள். மேடையில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாப் படத்திலும் அவர் பாதிதான் விழுந்திருப்பார், அவரைத் தனியாக ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். நீங்கள் எழுதியதில் அவர்களைப் பற்றி வரும் பக்கத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். தப்பு என்று சொன்னதை அங்கேயே அடித்துத் திருத்துங்கள். கிளம்பும்போது அடுத்த பாரதம் எந்த ஊரில், எந்தத் தேதி என்று கேட்டு, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.